கவிழ்த்துவைத்த கீபோர்டு

பூதலிங்கம் மடத்துக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே, குருவின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார்.

"தாயி, என் வாயில ஒரு வார்த்தை ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. அதை எடுத்துத் தூரப் போடணும். எப்படி எடுக்கது?"

"என்ன வார்த்தை, அண்ணாச்சி?"

"முடியாது."

குரு வடிவம்மை சிரிக்கவில்லை.

"பந்தி போட்டாச்சு. முதல்ல சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதுதான் பதிலா, இல்லை பதில் இனிமேல்தான் வருமா என்று பூதலிங்கத்துக்கு விளங்கவில்லை. போய்ச் சாப்பிட்டார்.

அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஞானத்துக்கும் நரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தெரிந்தவர்கள் சுனையடி மடத்துக்கு வந்தார்கள். தெரியாதவர்களும் வந்தார்கள், வந்து, சாப்பிட்டு, வெளியே போய்ப் பேசினார்கள்.

பேசுவதற்கு விஷயமும் இருந்தது. வடிவம்மை ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அப்போது மடத்தின் குருவாக இருந்த பெரிய ஐயா தன் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று ஆள் அனுப்ப, பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அப்படியே இங்கேயே தங்கிவிட்டார். பெரிய ஐயா கண் மூடுவதற்கு முன்னால் எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே இவ சொல்லுவா" என்றார். வேறு யாரையாவது காட்டுவார் என்று காத்திருந்தவர்களுக்கு அது இன்றுவரை செரிக்கவில்லை.

பூதலிங்கம் நூல் மில்லில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். கதவடைப்பு நடந்தபோது நிர்வாகம் கடைசியாக ஒரு பேச்சுக்கு வந்தது. சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுங்கள், நாளைக்கே மில்லைத் திறக்கிறோம் என்றது. எல்லோரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். இவர் "முடியாது" என்றார். மில் திறக்கவே இல்லை. தெருவில் வீடு வீடாகப் பூட்டு விழுந்தது. ஒருத்தன் திருப்பூருக்குப் போனான், ஒருத்தன் சூரத்துக்குப் போனான். பஸ் ஏறும்போது யாரும் இவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அதனால் மடத்தில் அவர் ஒரு வைத்தியத்தைத் தானாகவே தொடங்கினார். எதற்கும் "சரி" என்றார்.

முற்றத்தைப் பெருக்கச் சொன்னார்கள். சரி. பெருக்கின முற்றத்தை இன்னொரு தடவை பெருக்கச் சொன்னார்கள். அதற்கும் சரி. அவர் பாயை வேறு ஒருவர் எடுத்துப் போட்டுப் படுத்தார். சரி என்று வெறுந்தரையில் படுத்தார். ஒருநாள் ரசத்தில் உப்பே இல்லை. பந்தி முழுக்க முணுமுணுத்தது. இவர் மட்டும் இரண்டாம் தடவை வாங்கி ஊற்றிக்கொண்டார்.

மடத்தின் செயலாளர் சிவசைலத்துக்கு இவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"இவருல்லா சீடன்! அம்மா, வாற குருபூஜைக்கு இவருக்குத் தீட்சை கொடுத்திரலாம்."

வடிவம்மை பூதலிங்கத்தைப் பார்த்தார்.

"தீட்சை வேணுமா அண்ணாச்சி?"

"அதுக்குத்தான் தாயி உசிரை வச்சிக்கிட்டு இருக்கேன். அன்னைக்காவது அந்த வார்த்தை என்னைய விட்டுப் போயிரும்லா?"

"குருபூஜை அன்னைக்குக் கொடுக்கேன்" என்றார் வடிவம்மை. அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

சிவசைலம் மடத்து விதியை எடுத்துச் சொன்னார். "தீட்சை வாங்குத நாள்ல குரு வாக்குக்கு மறுவாக்கு கெடையாது. மறுவாக்கு சொன்னா தீட்சையும் கெடையாது, மடத்துல இடமும் கெடையாது. தெரியும்லா வே?"

"சரி" என்றார் பூதலிங்கம்.

குருபூஜை என்றால் அந்த மடத்தில் கீபோர்டுதான்.

பெரிய ஐயா கடைசிக் காலத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை எல்லாம் கம்ப்யூட்டரில் தட்டித்தான் சொன்னார். பக்தர்கள் வந்து கேள்வி கேட்பார்கள். அவர் ஒரு வரி தட்டுவார். அது திரையில் வரும். படித்துவிட்டுப் போவார்கள். அவர் போன பிறகு அந்தக் கீபோர்டைப் பட்டுத் துணி விரித்த பீடத்தில் வைத்தார்கள். ஆண்டுக்கு ஒரு தடவை, குருபூஜை அன்றைக்கு, மடத்துக் குரு அதைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஒரே ஒரு வரி அடிப்பார். பெரிய திரையில் அது எழும்பும். அதற்குப் பெயர் வாக்கு. ஜனங்கள் அந்த வரியை எழுதிக்கொண்டு போய் ஒரு வருஷம் வைத்துக்கொள்வார்கள்.

மற்ற நாட்களில் அதற்குப் பூஜை. காலையில் ஒவ்வொரு வரிசைக்கும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், அதன் மேல் பூ. வெள்ளிக்கிழமை அட்சதை. பிரதோஷத்துக்கு விபூதி. கையெடுத்துக் கும்பிட வருகிறவர்கள் சும்மா போவார்களா? அவரவர் பங்குக்கு ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போனார்கள். எழுத்து எது, சந்தனம் எது என்று தெரியாத அளவுக்கு அது மங்கலகரமாக ஆகிவிட்டது.

போன வருஷம் வடிவம்மை அதில் வாக்கு அடிக்க உட்கார்ந்தார். முதல் எழுத்தை அழுத்தினார். அழுத்தின பட்டன் எழுந்திருக்கவில்லை. திரையில் "கககககககக" என்று ஓட ஆரம்பித்தது. அவர் பதறிப்போய் ஒயரைப் பிடுங்குவதற்குள் இரண்டு வரி நிறைந்துவிட்டது.

கூட்டம் மூச்சு விடாமல் பார்த்தது. பிறகு யாரோ ஒருவர் தழுதழுத்த குரலில், "பெரிய ஐயாவே பேசுதாரு" என்றார். அவ்வளவுதான். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். சிவசைலம் அதை மடத்துக் காலண்டரில் போட்டார். அந்த வருஷம் முழுக்கக் காலையில் எழுந்ததும் "கககக" என்று உட்கார்ந்து ஜெபித்த குடும்பங்கள் உண்டு. பலன் தெரிகிறது என்றுகூடச் சொன்னார்கள்.

வேறு சிலர் வேறு மாதிரியும் சொன்னார்கள். ரிப்பேர்க்காரி கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். அது வடிவம்மையின் காதுக்கும் வந்தது.

இந்த வருஷம் குருபூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வடிவம்மை சிவசைலத்தைக் கூப்பிட்டார்.

"அந்தக் கீபோர்டைச் சுத்தம் பண்ணணும்."

சிவசைலத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, அது அழுக்கு இல்ல. பிரசாதம்."

"பிரசாதம் பட்டனுக்கு அடியில இருக்கக் கூடாது."

"வேணும்னா மேலாக்க ஒரு துணியால ஒத்தி எடுக்கேன்."

"கழட்டணும். கவுத்தணும். தட்டணும்."

"கவுத்தணுமா!" சிவசைலம் இரண்டு கையையும் காதில் வைத்துக்கொண்டார். "நல்ல வீட்டுல ஒரு படியைக் கவுத்தி வைப்பாங்களா அம்மா? ஒரு குடத்தைக் கவுத்தி வைப்பாங்களா? அது எழவு வீட்டுல செய்யுததுன்னு உங்களுக்குத் தெரியாதா? ஐயாவோட பொருளைப் போய்க் கவுத்துறதுக்கு இந்த மடத்துல எவன் கை நீளும்?"

வடிவம்மை திரும்பிப் பார்த்தார். பூதலிங்கம் மூலையில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, செய்யுதியளா?"

"சரி தாயி."

சிவசைலத்துக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தச் "சரி" கசந்தது.

பிற்பகலில் கூடத்து ஜன்னலோரம் பழைய வேட்டி ஒன்றை விரித்து உட்கார்ந்தார்கள். சிவசைலமும் ஒரு வெள்ளிக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார். விழுவது தரையில் விழக் கூடாதாம்.

"முதல்ல என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"தட்டணும்."

"இல்ல. கரண்டு. கம்ப்யூட்டரை அணைக்கணும், ஒயரை உருவணும். ஒயர் கையில இருக்குதான்னு கண்ணால பாக்கணும். அதுக்குப் பெறவுதான் மத்தது."

பூதலிங்கம் ஒயரைக் கையில் பிடித்துக் காட்டினார்.

"இப்ப போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. எந்த எழுத்து எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கும்னு நெனைப்போம். இருக்காது."

எடுத்தார்.

"இப்ப கவுத்துங்க."

பூதலிங்கம் கவிழ்த்தார். சிவசைலம் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளங்கையால் முதுகில் மெதுவாகத் தட்டத் தட்ட உதிர ஆரம்பித்தது. அட்சதை. கட்டி கட்டியாகச் சந்தனம். சருகான ரோஜா இதழ். கற்பூரத் துணுக்கு. நிலக்கடலைத் தொலி. செத்த எறும்புகள். ஒரு மூக்குத்தித் திருகாணி.

"நிலக்கடலையும் பிரசாதமா?" என்று கேட்டார் வடிவம்மை.

சிவசைலம் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

உதிராததை வடிவம்மை தடவிப் பார்த்தார். "இது பன்னீர் விட்டு இறுகினது. தட்டினா வராது. பட்டனைக் கழட்டணும்." அவர் பழைய பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் தகட்டை எடுத்துக் கொடுத்தார். "ஓரத்துல விட்டு நேரா மேல தூக்கணும். நெம்பக் கூடாது. சின்னது எல்லாம் லேசா வரும். இந்த நீளப் பட்டனுக்கு அடியில கம்பி இருக்கு. அதுகிட்ட மட்டும் வம்பு பண்ணாதிய."

ஒவ்வொன்றாக எடுத்துச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார்கள். தண்ணீர் மஞ்சளாயிற்று, பிறகு சிவப்பாயிற்று. பல் இல்லாத வாய் மாதிரி கிடந்த பலகையைப் பூதலிங்கம் பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்தார். பிசுக்கு இருந்த இடத்தில் ஸ்பிரிட் போடச் சொன்னார் வடிவம்மை.

பூதலிங்கம் பாட்டிலைச் சாய்த்தார்.

"நிறுத்துங்க!" அவர் கையைப் பிடித்துக்கொண்டார் வடிவம்மை. "போர்டு மேல எதையும் ஊத்தக் கூடாது. துணியை நனைக்கணும், பிழியணும், அதால துடைக்கணும். சந்துக்குப் பஞ்சுக் குச்சி."

"சரி தாயி."

"எல்லாத்தையும்விட இது முக்கியம். ஈரம் முழுசாப் போகாம ஒயரை மாட்டக் கூடாது. மேல பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும். உள்ள இருக்கும். மாட்டினா அந்த நிமிஷமே போர்டு செத்துரும், கம்ப்யூட்டரையும் சேத்துக் கெடுத்துரும். எவ்வளவு அவசரம்னாலும் சரி. யாரு சொன்னாலும் சரி."

"யாரு சொன்னாலும்" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டார் பூதலிங்கம்.

பட்டன்களைத் துண்டில் பரப்பி ஃபேனுக்குக் கீழே வைத்தார். இரண்டு நாள் யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. போட்டோவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தி மாட்டினார். வடிவம்மை அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து எல்லா எழுத்தையும் தட்டிப் பார்த்தார். எல்லாம் விழுந்தது, எல்லாம் எழுந்தது. ஒயரை உருவிச் சுற்றி வைத்தார்.

"கெட்டிக்காரர்தான் அண்ணாச்சி நீங்க."

பூதலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. மில்லை விட்டு வந்த பிறகு அவரை யாரும் புகழ்ந்ததே இல்லை. அன்றைக்கு அவர் நிறையச் சாப்பிட்டார்.

குருபூஜை அன்று காலை மடத்து வாசலில் வேன்களும் ஆட்டோக்களுமாக நின்றன. பந்தலில் உட்கார இடம் இல்லை. பெரிய திரையைக் கட்டி, மைக்கை எல்லாம் சரிபார்த்துவிட்டார்கள். பூதலிங்கம் புது வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, கீபோர்டை எடுத்து வரப் பூஜை அறைக்குப் போனார்.

சிவசைலம் வெள்ளிச் செம்பும் கையுமாக வெளியே வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"முடிச்சிட்டேன் வே."

"எதை?"

"பன்னீர் அபிஷேகம். கண்டவன் கையும் பட்டிருக்கு, கவுத்தி வேற வச்சிட்டீரு. தோஷம் கழியாண்டாமா? ஒரு செம்பு முழுசா விட்டேன். துண்டால நல்லாத் துடைச்சும் வச்சிட்டேன், பாரும்."

பூதலிங்கம் உள்ளே ஓடினார். கீபோர்டு பளபளவென்று இருந்தது. கமகமவென்று மணத்தது. ஒரு பட்டனை விரலால் அழுத்தினார். ஓரத்தில் தண்ணீர் கசிந்து வந்து நின்றது. இன்னொன்றை அழுத்தினார். அங்கேயும் வந்தது. அவருக்கு வந்த கோபத்தில் செம்பைப் பிடுங்கிச் சிவசைலத்தின் தலையில் கவிழ்த்திருப்பார். தீட்சை நாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

மேடையில் வடிவம்மை உட்கார்ந்திருந்தார். பூதலிங்கம் அருகில் போய்க் குனிந்தார்.

"தாயி, செயலாளர் பன்னீரை ஊத்திட்டாரு. உள்ள எல்லாம் ஈரம்."

"துடைச்சிட்டதாச் சொன்னாரே?"

பூதலிங்கம் ஒரு பட்டனை அழுத்திக் காட்டினார். வடிவம்மை அந்தத் துளியைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவர் காதில் என்னவோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

"வேற கீபோர்டு ஒண்ணு என் பையில இருக்கு" என்றார் வடிவம்மை, சிவசைலத்திடம்.

"வேறதுல அடிச்சா அது டைப்பிங் அம்மா. வாக்கு இல்ல" என்றார் சிவசைலம். "சனம் ஒரு வருஷமாக் காத்துக் கெடக்கு. இந்தத் தடவையும் வரலைன்னா என்ன பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

வடிவம்மை முன்வரிசையை இன்னொரு தடவை பார்த்தார்.

"மாட்டுங்க அண்ணாச்சி."

"தாயி, ஈரம்..."

"ஒரே ஒரு வரிதான். தாங்கும். மாட்டுங்க."

"ஈரத்தோட மாட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னிய?"

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்லுதேன். மாட்டுங்க."

சிவசைலம் பல்லுக்குள்ளேயே, "தீட்சை நாள் வே. ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

ஒயர் பூதலிங்கத்தின் கையில் இருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். எத்தனையோ மாதமாகப் பழகின வார்த்தை. உப்பில்லாத ரசத்துக்குச் சொன்னார், வெறுந்தரைக்குச் சொன்னார், இதற்குச் சொல்ல என்ன? சொன்னால் தீட்சை. சொல்லாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு. ஒரு பிளாஸ்டிக் பலகை போனால் போகட்டும் என்றுகூட நினைத்துப் பார்த்தார்.

"முடியாது" என்றார்.

மைக் திறந்திருந்தது. பந்தல் முழுக்க அது கேட்டது.

"என்ன சொன்னிய?" என்றார் வடிவம்மை. குரலில் கோபம் இருந்தது.

"முடியாது தாயி. காயாம நான் மாட்ட மாட்டேன். வேற யாரையும் மாட்ட விடவும் மாட்டேன்."

சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை மேடையிலேயே விரித்தார். அத்தனை பேர் பார்க்கக் கீபோர்டை அதன் மேல் கவிழ்த்து வைத்தார். பந்தல் ஐயோ என்றது. யாரோ ஒரு அம்மாள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். துண்டில் ஈரம் மெதுவாகப் பரவியது.

"கவுத்திட்டான்! ஐயாவைக் கவுத்திட்டான்!" என்று சிவசைலம் கத்தினார்.

பூதலிங்கம் துண்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மில் வாசலில் உட்கார்ந்த அதே உட்கார்வு. லாரியைக் கொண்டு வந்து நிறுத்தினாலும் எழுந்திருக்காத உட்கார்வு. அவரைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

வடிவம்மை எழுந்து மைக்கைக் கையில் எடுத்தார்.

"இந்த வருஷம் வாக்கு கெடையாது. எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க."

கூட்டம் சலசலத்தது. "அப்ப கககவையே இன்னும் ஒரு வருஷத்துக்கு வச்சிக்கிடலாமா?" என்று ஒருவர் நிஜமான கவலையோடு கேட்டார்.

பந்தல் காலியான பிறகு சிவசைலம் வந்து அவர் முன்னால் நின்றார்.

"தீட்சை கெடையாது. மடத்துலயும் இடம் கெடையாது. கெளம்பும்."

"கெளம்புதேன். இது காயட்டும்."

"இப்பவே கெளம்பும்ங்கேன்."

"காயட்டும்ங்கேன்லா?"

சிவசைலம் ஒரு எட்டுப் பின்னால் போனார். உப்பில்லாத ரசத்தை வாங்கிக் குடித்த மனிதர் எங்கே போனார் என்று அவருக்குப் புரியவில்லை.

பூதலிங்கம் கீபோர்டைக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். பட்டன்களை மறுபடியும் கழற்றினார். பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு சந்தாகத் துடைத்தார். ஃபேனைப் போட்டுவிட்டுக் காவல் இருந்தார். அங்கே யாரும் இல்லாதபோது அவருக்கு அழுகை வந்தது. இத்தனை மாதமாகத் தேய்த்துத் தேய்த்துப் போக்கியதாக நினைத்த வார்த்தை, கூப்பிட்டதும் வந்து நின்றுவிட்டது. மில்லும் போயிற்று, தீட்சையும் போயிற்று. இனி எந்த வாசலில் போய் நிற்பது? ஆனால் சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொள்ளவேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் அவரை ரொம்பப் பயமுறுத்தியது.

மறுநாள் காலையில் ஒரு அதிசயம் நடந்தது. சமையல்கட்டிலிருந்து காபி வந்தது. கொண்டுவந்தவர் சிவசைலம்.

"குடியும்" என்றார், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. "ராத்திரியெல்லாம் யோசிச்சேன் வே. எனக்கு இப்பல்லா புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது?"

"அது சோதனை. அம்மா உம்மைச் சோதிச்சிருக்காங்க! குரு கொடுத்த பாடத்தைக் குருவே மாத்திச் சொன்னாலும் சீடன் அசையுதானா, நிக்கானான்னு பாத்திருக்காங்க. நீரு நின்னுட்டீரு. தேறிட்டீரு வே!"

பூதலிங்கம் காபியைக் கீழே வைத்தார்.

"தாயி சொன்னாங்களா?"

"சொல்லணுமாக்கும்? வந்தவங்க போனவங்க எல்லாருக்கும் நான் போன் போட்டுச் சொல்லிட்டேன். அம்மா பேரு எங்கயோ போயிட்டு. ரிப்பேர்க்காரின்னு பேசினவனெல்லாம் இப்ப வாயைப் பொத்திக்கிட்டு இருக்கான். வெள்ளிக்கிழமை உமக்குத் தீட்சை. அடுத்த வருஷக் காலண்டர்ல இந்தக் கதையைத்தான் போடப்போறேன்."

அவர் போன பிறகு பூதலிங்கம் ஆறின காபியை ஒரே மடக்கில் குடித்தார். நெஞ்சில் வைத்திருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. அப்படியென்றால் அவர் மறுக்கவில்லை. குருவின் மனசில் இருந்ததைத்தான் செய்திருக்கிறார். பழைய பூதலிங்கம் திரும்பி வரவில்லை. தீட்சை உண்டு, இடம் உண்டு. குரு ஒரு வார்த்தை, ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும்.

கீபோர்டு காய்ந்தது. அவர் அவசரப்படவில்லை. இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும் என்று விட்டார். பிறகு பட்டன்களை மாட்டி, ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தபோது வடிவம்மை உள்ளே வந்தார்.

குருபூஜைக்குப் பிறகு அவர் யாரிடமும் அதிகம் பேசவில்லை. தரையிலேயே பூதலிங்கத்தின் எதிரில் உட்கார்ந்தார்.

"வேலை செய்யுதா அண்ணாச்சி?"

"செய்யுது தாயி. எல்லா எழுத்தும் விழுது."

"அன்னைக்கு மாட்டியிருந்தா?"

"செத்திருக்கும்."

"ஆமா" என்றார் வடிவம்மை.

பூதலிங்கம் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"தாயி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அன்னைக்கு நீங்க என்னையச் சோதிச்சிய. அப்படித்தானே?"

வெளியே சிவசைலம் யாருக்கோ போனில் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. இன்றைக்கு அதில் ஒரு மின்னலும் சேர்ந்திருந்தது.

"இல்ல" என்றார்.

"இல்லையா?"

"பயந்துட்டேன் அண்ணாச்சி. முன்னால இருந்து ரெண்டு பேரு சிரிச்சாங்க. ஐயாவோட போர்டு செத்தாலும் பரவால்ல, ஒரு வரி வந்து என் மானம் தப்பினாப் போதும்னு நெனச்சேன். தெரிஞ்சேதான் சொன்னேன். நான் சொன்னது தப்பு."

பூதலிங்கம் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் சொன்னது?"

"மறுத்ததுதான். எனக்கு எதிராத்தான் சொன்னிய."

"தாயி, ஊரெல்லாம் சோதனைன்னு சொல்லியாச்சு. உங்களுக்கும் அதுதான் நல்லது. எனக்கும் தீட்சை கெடைக்கும். அந்த வார்த்தையும் என்னைய விட்டுப் போன மாதிரி இருக்கும். சோதனைன்னே இருக்கட்டுமே!"

வடிவம்மை கூடாது என்று தலையை ஆட்டினார்.

"சோதனைன்னு சொல்லிட்டா, நீங்க அன்னைக்குச் சொன்ன 'முடியாது'கூட எனக்குக் கீழ்ப்படிஞ்சதா ஆயிரும். அது உங்களோடது அண்ணாச்சி. அதை உங்ககிட்ட இருந்து நான் எடுக்க மாட்டேன்."